பித்தளைத் திருகுக்குக் கீழே வைத்த பொட்டு

இன்று விஜயதசமி. பூஜையில் வைத்திருந்த என் நோட்டையும் பேனாவையும் காலையில் மருமகள் எடுத்து வந்து கையில் கொடுத்தாள். ஆமாம், என் பேனாதான். முதியோர் எழுத்து வகுப்பில் சேர்ந்தபோது வாங்கியது. அதன் உடம்பில் கடுகு அளவுக்கு ஒரு துளை உண்டு. மருமகள் சரியாக அந்தத் துளையின் மேல் சந்தனப் பொட்டு வைத்திருந்தாள். முகர்ந்து பார்த்தேன். எனக்கு அதில் பெட்ரோலும் சேர்ந்து மணந்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏனுங் மாமா, பேனாவைப் பாத்துச் சிரிக்கறீங்க?" என்றாள்.

"உன்ற அத்தைக்கு எழுதிப்போட்டுச் சொல்றேன் கண்ணு" என்று உட்கார்ந்துவிட்டேன்.

மெதுவாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள். 'ழ' வந்தால் அதன் வாலைப் பிடித்து இழுத்து வருவதற்குள் காபி ஆறிவிடுகிறது. மீனாட்சிபுரம் பஸ் நிறுத்தத்தில் நீதான் பலகையைப் படித்து, "பொள்ளாச்சி வண்டிங்க, ஏறுங்க" என்பாய். இப்போது பஸ் தூரத்தில் வரும்போதே நான் படித்துவிடுகிறேன். ஏற வேண்டாத பஸ்ஸையும் படிக்கிறேன்.

அந்தச் சின்ன டிராக்டர் நினைவிருக்கிறதா? உடும்பஞ்சோலைப் பக்கம் ஏதோ ஏலத்தோட்டத்தில் ஓடிக் களைத்து, எழுபதுகளில் லாரியில் நம் ஊருக்கு இறங்கியது. பெட்ரோல் இன்ஜின். முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். தென்னை வரிசைகளுக்கு நடுவே நுழைந்து உழ அதைவிட்டால் வேறு வண்டி இல்லை. குத்தகைத் தோப்பில் ஊடுபயிராகக் கடலை போட அதை நம்பித்தான் இறங்கினோம்.

அந்தச் சித்திரையில் கைப்பிடியைச் சுற்றும்போது இன்ஜின் திருப்பி அடித்தது. என் வலது முன்கை முறிந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தேன். மழை விழுவதற்குள் உழவு முடியாவிட்டால் தோப்பை மாட்டு ஏர்க்காரருக்கு விட்டுவிடுவதாகத் தோப்புக்காரர் சொல்லியிருந்தார். தோப்பு போனால் அந்த வருடம் நமக்குப் பிழைப்பே இல்லை.

"நான் ஓட்டறனுங்க" என்றாய். களத்தில் விளையாட்டாக ஓட்டிப் பழகியவள்தானே நீ. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாய். ஓட்டுவது உனக்குக் கஷ்டமாகவே இல்லை. நிறுத்துவதுதான் கஷ்டம். தோப்பென்றால் பத்தடிக்கு ஒரு மட்டை கிடக்கும். இறங்கி இழுத்துப் போட்டுவிட்டு ஏற வேண்டும். அதுவரை இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நம்முடையதோ வேகத்தைக் குறைத்ததும் கரும்புகை கக்கி, ரெண்டு தரம் இருமி, அணைந்துவிடும். கைப்பிடியை நான் உன்னைத் தொட விடவில்லை. என் கை கிடந்த கிடப்பு போதாதா?

அதனால் ஒவ்வொரு தடவையும் பக்கத்துத் தோட்டத்து மாறப்பண்ணனைக் கூப்பிட வேண்டியிருந்தது. நல்ல புஜபலம். அதைவிட வாய்.

"அம்மிணி, நானொரு காலை இங்கயே நட்டு வெச்சர்றேன். தண்ணி ஊத்துனீங்கன்னா தென்னையாட்டம் வளந்துக்கும். கூப்புடற வேலை மிச்சம்!"

"நட்டாக் காய்க்குமாண்ணா?" என்று நீ கேட்டாய். அவர் முகம் போன போக்கை நினைத்து எத்தனை நாள் சிரித்தோம்!

என்னென்ன செய்து பார்த்தோம். பிளக்கைக் கழற்றினால் விளக்குக் கரி போலக் கறுத்து ஈரமாக இருந்தது. நான் சொல்லச் சொல்ல நீ உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாய். பெட்ரோலை என் பழைய வேட்டியில் வடிகட்டினாய். கார்பரேட்டரில் இருந்த பித்தளைத் திருகைத் திருகி வேகத்தைக் கூட்டி வைத்தோம். அணையவில்லை, ஆனால் நின்ற இடத்திலேயே உறுமியது. கியரைப் போட்டதும் அவிழ்த்துவிட்ட காளைக்கன்று போல ஒரு துள்ளல்.

"இன்னுங் கொஞ்சம் துள்ளியிருந்தா மரத்துலயே ஏறியிருக்குமுங்க. அப்படியே நாலு தேங்காயும் பறிச்சிருப்பேன்" என்று இறங்கி வந்தாய். சிரித்தாய்.

கொல்லங்கோட்டிலிருந்து வந்த மெக்கானிக் நல்ல மனிதர். கார்பரேட்டரைப் பிரித்துப் பெட்ரோலில் கழுவி, சைக்கிள் பம்பால் ஊதினார். "காத்து போற வழி அடைஞ்சிருக்கு சேச்சி. பொடி கேறாம நோக்கிக்கோ" என்றார். தோப்பில் செம்மண் புழுதிக்குக் குறைவா? பொழுது சாய்ந்ததும் இன்ஜினைச் சாக்குப் போட்டு மூட ஆரம்பித்தோம். வண்டி அருமையாக ஓடியது. அந்த வாரமும் ஓடியது, அடுத்த வாரமும் ஓடியது. பாதித் தோப்பு முடிந்தது. மாறப்பண்ணன் வேலி ஓரம் வந்து நின்று, கூப்பிடுவார் யாருமில்லாமல் திரும்பிப் போவார்.

பிறகு ஒரு சனிக்கிழமை முதல் மட்டைக்கு இறங்கினாய். கரும்புகை, இருமல், அணைந்துவிட்டது. மேற்கே மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. மாறப்பண்ணன் கைப்பிடியோடு வந்தார், முகத்தில் பழைய களை.

"நான் சொன்னா ஆரு கேக்கறீங்க? கண்ணுபட்டுப் போச்சு அம்மிணி. பொம்பளை டிராக்டர் ஓட்டறதை ஊரே வந்து பாத்துட்டுப் போகுதில்ல? இன்னும் நாலு பொட்டுச் சேத்து வையுங்க."

நீ வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாய். வெள்ளிக்கிழமைதோறும் அதைக் கழுவி, வீட்டு அம்மிக்கும் நிலைப்படிக்கும் வைப்பது போலவே அதற்கும் சந்தனப் பொட்டு வைப்பாய். மூடியில் ஒன்று, சக்கரத்துக்கு ஒவ்வொன்று, இன்ஜினில் பித்தளைத் திருகுக்குக் கீழே ஒன்று. அந்தத் திருகு உனக்கு மூக்குத்தி மாதிரி தெரிந்ததாம். வண்டி படுத்தப் படுத்த நீ பொட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போனாய்.

"ஏனுங்க" என்று என்னைக் கூப்பிட்டாய். "மெக்கானிக்கு வந்துட்டுப் போன வாரம் பங்காளி ஊட்டுல சாவு. தீட்டுன்னு நானு வெள்ளிக்கெழமை பொட்டே வெக்கலீங்களே. அப்பத்தானுங்க வண்டி அணையாம ஓடுச்சு. தீட்டுக் கழிஞ்சு நேத்துத்தான் வெச்சேன்."

"அப்ப உங்க வண்டி நாத்திகமா அம்மிணி?" என்றார் மாறப்பண்ணன்.

நீ அதற்குள் குனிந்துவிட்டாய். திருகுக்குக் கீழே இருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினாய். அடியில் எள் நுழையும் அளவுக்கு ஒரு துளை. இத்தனை நாள் உழுத வண்டியில் அப்படி ஒரு துளை இருப்பதை நானும் கவனித்ததில்லை. மெதுவாக ஓடும்போது இன்ஜின் அந்த வழியாகத்தான் காற்று வாங்குகிறது. வேகமாக ஓடினால் பெரிய வழியில் வாங்கிக்கொள்ளும், வித்தியாசம் தெரியாது. நாம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதன் மூக்கைச் சந்தனம் வைத்து அடைத்திருக்கிறோம்.

வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றித் துளைக்குள் விட்டாய். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது. திருகைப் பழையபடி தளர்த்தினாய். மாறப்பண்ணன் ஒரே சுற்றுத்தான் சுற்றினார்.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. டுக், டுக், டுக். அரைத் தூக்கத்தில் வெற்றிலை மெல்லும் மனிதர் போல. நீ இறங்கி, வண்டியின் மூடியைத் தட்டி, "மட்டையைப் போட்டுட்டு இப்ப வந்தர்றேன், அணைஞ்சு போயிராதே" என்றாய். வேண்டுமென்றே கடைசி மரம் வரை நடந்து போய்த் திரும்பி வந்தாய். அது உனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. கட்டுப்போட்ட கையோடு என்னால் கை தட்ட முடியவில்லை, தொடையில் தட்டினேன்.

மழை விழுந்தபோது கடைசிச் சாலில் இருந்தாய். நனைந்துகொண்டேதான் முடித்தாய். அந்த ஈரத்திலேயே கடலை விதைத்தோம். தோப்பு நம் கையிலேயே நின்றது.

அந்த வருட ஆயுத பூஜைக்கும் வண்டிக்குப் பொட்டு வைக்காமல் விடவில்லை. "சாமிக்கு என்னங்க, எங்க வெச்சாலும் தெரியும். மூச்சு விட எடம் உட்டு வெக்கோணும், அவ்வளவுதான்" என்று மட்கார்டுக்கு மாற்றிக்கொண்டாய். மிச்சமிருந்த சந்தனத்தை மாறப்பண்ணனின் வலது கையில் அப்பினாய். "இதுவும் ஆயுதந்தானுங்களே அண்ணா." அவர் சாயங்காலம் வரை அந்தக் கையைக் கழுவவில்லை.

வண்டி பிறகு இரும்புக்குப் போனது. மாறப்பண்ணனும் போய்விட்டார். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் வந்து நின்ற அன்று, ஏறும் முன் என் தோளைத் தட்டி, "இப்ப வந்தர்றேன், அணைஞ்சு போயிராதீங்க" என்றாய். எனக்கும் சிரிப்பு வந்தது. வேடிக்கைக்குச் சொல்கிறாய் என்றுதான் இருந்தேன்.

உன் வளையலில் இருந்த அந்த ஊக்கு இப்போது என் அரைஞாண் கயிற்றில் தொங்குகிறது. இந்த மடலைத் தொடங்கும் முன் அதைக் கழற்றித்தான் பேனாவின் துளையைச் சுத்தம் செய்தேன். பொட்டை அழித்துவிட்டேனே என்று மருமகளுக்கு வருத்தம். "அழிக்கல கண்ணு, கொஞ்சம் தள்ளி வை" என்று பேனாவை நீட்டினேன். மூடிப் பக்கமாகத் தள்ளி வைத்துக் கொடுத்தாள்.

ஊக்கை மறுபடி கயிற்றில் மாட்டிக்கொண்டேன். காபி ஆறிவிட்டது. கை வலிக்கிறது, இன்னும் ஒரு வரி எழுதலாம். நீ இறங்கிப் போன இடத்திலேயேதான் இருக்கிறேன். மெதுவாகத்தான் ஓடுகிறது. அணையவில்லை.