இனிமேல் வரமாட்டார்

அன்புள்ள மாமாவுக்கு,

வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கிற டீச்சர் போன மாதம் நம் முதுநகர் வீட்டுக்கு வந்தார். "உங்க வீட்டுக்காரரு எங்கம்மா?" என்று கேட்டார். "அந்தமான்லயே தங்கிட்டாரு, இனிமே வரமாட்டாரு" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். நேற்று வந்த பட்டியலில் உங்கள் பெயர் இல்லை.

"அந்தமான்ல சட்டசபையே கெடையாது, எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டுப் போட ஊருக்குத்தான் வரணும்" என்பீர்கள். அதற்காகவே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கப்பல் ஏறி வந்தீர்கள். எனக்காக ஒருமுறையும் வரவில்லையே என்ற ஆத்திரத்தில் சொன்ன வார்த்தை அது.

இனி எதற்கு வருவீர்கள்?

மறுபடி பெயர் சேர்க்கப் படிவம் வாங்கி எல்லாம் நிரப்பிவிட்டேன். குடியிருக்கும் முகவரி என்ற இடத்தில் மட்டும் நம் வீட்டை எழுதலாமா என்று தெரியவில்லை.

உங்கள் வீட்டுக்காரி