மூன்று புள்ளிக்குள் புதைத்த பொத்தான்

மார்ச் 4
துடைப்பம் இன்று என் பொத்தானைத் திரையிலிருந்து எடுத்துவிட்டார். துடைப்பம் என்பது எங்கள் குழுத் தலைவருக்கு நான் வைத்த பெயர். திரை சுத்தமாக இருக்க வேண்டும் என்று எதைப் பார்த்தாலும் பெருக்கித் தள்ளுவார். எங்களுடையது பரிசோதனைக் கூடங்களுக்கான மென்பொருள். ஒருவருடைய ரிப்போர்ட் தவறி வேறொருவருக்குப் போய்விட்டால், ஒரு மணி நேரத்துக்குள் அதைத் திரும்பப் பெறலாம். அந்த வசதிக்கு நாலு மாதம் உழைத்தேன். இனி மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, அதற்குள் 'மற்றவை', அதற்குள் இன்னொரு பட்டியல். பரண்மேல் ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போன மாதிரி.

மார்ச் 27
கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்கிறார்: "நூறு பேர்ல ரெண்டு பேர்கூட அதைத் தொடலை. யாருக்கும் வேண்டாத வசதி." ஏப்ரல் முடிவில் நீக்கிவிடுவார்களாம். என்னை வேறு குழுவுக்குத் தள்ளிவிடுவார்களாம். ஒளித்து வைத்தவரே யாரும் தேடவில்லை என்கிறார்! தலையாட்டிவிட்டு வந்தேன். இந்த ஆளை சும்மா விடப் போறதில்லை.

ஏப்ரல் 2
புகார்கள் முதலில் என் பார்வைக்குத்தான் வரும். தப்பாக அனுப்பிவிட்டேன், திரும்ப எடுக்க வழி உண்டா என்று இதுவரை ஒன்பது பேர். எல்லாவற்றையும் தனிக் கோப்பில் சேர்க்கிறேன். ஒன்றுக்கும் பதில் போடவில்லை.
"எங்க இருக்குன்னு ஒரு வரி எழுதிப் போட்டா என்ன?" என்றார் வீட்டுக்காரர். எழுதினால் புகார் அடங்கிவிடும். அப்புறம் எதை வைத்து அடிப்பது?

ஏப்ரல் 9
முப்பத்தொன்று.

ஏப்ரல் 11
வெறும் வாயை மென்றவளுக்கு அவல். ஒரு கூடத்தில் ரிப்போர்ட் அனுப்பும் பெண்மணி எழுதியிருக்கிறார். ஒரே பெயரில் இரண்டு பேர். ஒருத்தியின் கர்ப்பப் பரிசோதனை முடிவு மற்றவளுக்குப் போய்விட்டது. "அனுப்பிப் பத்து நிமிஷம்தான் ஆச்சு, ஏதாவது பண்ணுங்க" என்று எழுத்துப் பிழைகளோடு. இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கோப்பில் முதல் பக்கமாக வைத்தேன்.

ஏப்ரல் 16
நடந்துவிட்டது! பொத்தான் எளிதில் கிடைக்கிறதா என்று நிறுவன இயக்குநர் முன்னிலையில் சோதனை. நம் குழுவினர் ஆறே விநாடியில் கண்டுபிடித்தார்கள் என்று துடைப்பம் பெருமையடித்தார். அந்த வசதியைச் செய்தவர்களையே உட்காரவைத்துத் தேடச் சொல்லியிருக்கிறார், அறிவாளி. நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்களேன் என்று பணிவாகக் கேட்டேன். நாலு நிமிடம் துழாவினார். ஒரு தடவை கணக்கைவிட்டே வெளியேறிவிட்டார். காது சிவந்துபோனது. அப்புறம் நிதானமாகக் கடிதங்களைப் படித்தேன், முதல் பக்கத்திலிருந்து. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். சுட்டதைக் கண்ணால் பார்த்தேன். மறைப்பானேன், இனித்தது.

ஏப்ரல் 20
பொத்தான் திரையின் நடுவே வந்துவிட்டது. அவர் வேறு பிரிவுக்குப் போகிறார். குழுவுக்குத் தலைவி நான்.

ஏப்ரல் 22
கடிதம் எழுதியவர்களுக்குப் பதில் போட ஆரம்பித்தேன். பதினொன்றாம் தேதி எழுதியவரை மட்டும் போனில் கூப்பிட்டேன். அந்தக் கூடத்தில் வேறு யாரோ ஒரு பெண் எடுத்தாள்.
"அந்த அக்கா இப்ப இல்லைங்க. ரிப்போர்ட் மாத்தி அனுப்பினதுக்கு மறுநாளே வேலையை விட்டு நிறுத்திட்டாங்க."
அந்தக் கடிதத்தை நான் படித்தபோது, திரும்பப் பெற இருந்த ஒரு மணி நேரத்தில் இன்னும் அரை மணிக்கு மேல் மிச்சம் இருந்தது. மூன்று தொடுதல். ஒரு வரி.
"நீங்க யாரு பேசறீங்க?" என்றாள்.
நம்பர் மாறிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன்.