கயிற்றுக்கான செலவு

அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். என் அறையில் சிக்னல் கிடைப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

போன் கோபுரங்களைப் புதுப்பிக்க எவ்வளவு ஆகும் என்று கணக்கிடுவது என் வேலை அல்லவா? நான் போட்ட தொகையைக் குறைக்க, மேலாளர் பாதுகாப்புக் கயிற்றுக்கான செலவை அடித்துவிட்டார். போன வாரம் கோபுரத்தில் ஏறியவர் ஒருவர் விழுந்து இறந்துவிட்டார்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "நஷ்டஈட்டையும் சேர்த்துப் பாருப்பா. எல்லாக் கோபுரத்துக்கும் கயிறு வாங்குறதவிட இது கம்மிதானே?" என்றார். கூட்டிப் பார்த்தேன். கம்மிதான். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

மற்றபடி குறையில்லை. பழைய போர்வை ஒன்று அனுப்பு, துவைக்க வேண்டாம்.

தபால் வண்டி வந்துவிட்டது. தம்பி இங்கே கோபுரம் ஏறும் வேலைக்கு வருவதாக எழுதியிருந்தாய். அவன் பாஸ்போர்ட்டை ஒளித்து வை. கேட்டால், எலி கடித்துவிட்டது என்று சொல்.