குளுவாங்கிலிருந்து அரை மணி

மார்ச் 5, வெள்ளி. ஆபீஸ் சுவரில் ஜப்பானியர் கணக்குப்படி வருடம் 2603. எனக்கு 1943.

காலையில் மழை. பசியாற மரவள்ளிக்கிழங்கு. நேற்றும் அதே.

திங்களன்று குளுவாங்கிலிருந்து ஜப்பானியப் பெரிய அதிகாரி ஒருவர் விமானத்தில் வருகிறார். எங்கள் ஊர் பத்து பெரண்டாம் விமானத் திடலில் இறங்குவார். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கிராணி சொக்கலிங்கம் ஐயா என் மேசைக்கு வந்தார்.

"பி.ஏ. படிச்ச பிள்ள இருக்கையில எனக்கென்ன கவல? போடும்மா கணக்கு."

வரைபடத்தில் அம்மாவின் பூக்கட்டும் நூலை வைத்து அளந்தேன். ஆறு, காடு, ரப்பர் தோட்டம் எதற்கும் ஒதுங்காத நேர்கோடு. ஏறக்குறைய எழுபத்தைந்து மைல். அரை மணி. விமானத்தில் ஏறியதில்லை, கணக்கில் ஏறியதற்கே நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 6, சனி. வெயில்.

புறப்பாடு ஒன்பது, இறங்குவது ஒன்பதரை. டோக்கியோ மணி. ஊர்க் கடிகாரங்களை ஒன்றரை மணி முன்னே தள்ளி வைத்திருக்கிறார்களே, அந்த மணி. ஐயாவிடம் இரண்டு கடிகாரம். கையில் டோக்கியோ. சட்டைப்பையில் பழைய மணி, ராகுகாலம் பார்க்க.

பையிலிருந்ததைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. டோக்கியோ ஒன்பதரை என்றால் பழைய மணிக்கு எட்டு. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம்.

"அரை மணிய ரெண்டு மணியாக்க முடியாதாம்மா? வானத்துல வளைவு கிளைவு இல்லியா?"

"இல்லை ஐயா" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

அவரே 'இரண்டு மணி' என்று திருத்தி, வரவேற்பை டோக்கியோ பதினொன்றுக்கு வைத்துவிட்டார். கணக்குத் தாளின் அடியில் என் பெயர். அதிகாரி இறங்கும்போது திடலில் ஆளில்லாவிட்டால் கன்னத்தில் அறை. யார் கன்னத்தில்?

மார்ச் 7, ஞாயிறு.

சாப்பிட முடியவில்லை. காஜா பெராங் சாலையில் ஐயா வீட்டு வாசலை மூன்று தடவை கடந்தேன். நான்காம் தடவை அவர் மனைவியே பிடித்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, எங்க வீட்ட அளக்குறியா?"

உள்ளே போனேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்: "விமானம் ஒன்பதரைக்கே வந்துடும் ஐயா. நாம அங்க இருக்க மாட்டோம்."

இவ்வளவு சத்தம் என்னிடம் இருப்பது தெரியாது. பூனை எழுந்து ஓடியது.

அக்கா சிரித்தார். "இதுக்கா இந்தப் பாடு? திடலுக்குப் போற வழியிலதான தங்கச்சி வீடு, இப்பவே குடைய அங்க பரஸ்தானமா வச்சிடுங்க. சாமான் முன்னால போயிட்டா நீங்களே நல்ல நேரத்துல கெளம்பிட்டதா ஆயிடும். அப்புறம் ராகு என்ன பண்ணும்?"

ஐயா யோசித்தார். நேரத்தைத் திருத்தி, எல்லோருக்கும் சொல்லி அனுப்பினார். குடையை நான் தூக்கி வந்தேன். எங்கள் வீட்டு மூலையில் மாப்பிள்ளை போல நிற்கிறது.

மார்ச் 8, திங்கள். கொட்டும் மழை.

திடலுக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டில் குடையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஐயா மறந்துவிட்டார்; அவர் வந்து எடுப்பாரென்று நானும் விட்டுவந்தேன். திடலில் எல்லோரும் குடையோடு. அவர் மட்டும் சொட்டச் சொட்ட. பாதிக் குடை கொடுத்தேன்.

"வேணாம்மா. என் குட எனக்கு முன்னாலயே கெளம்பிடுச்சு."

ஒன்பதரைக்கு இரைச்சல். மேகத்துக்குள்ளிருந்து இறங்கியது. நூல் பொய் சொல்லவில்லை! அதிகாரி இறங்கியதும் எல்லோரும் ஜப்பானிய முறையில் குனிந்து வணங்கினோம். அவர் குடைகளையெல்லாம் தாண்டி நேரே ஐயாவிடம் போனார். மழையில் நனைந்து குனிந்து நிற்கும் ஒரே ஆள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். தோளைத் தட்டி, மலாயில் "பாகுஸ், பாகுஸ்" என்றார், நல்லது நல்லது என்று.

மாலையில் குடை வாங்க ஐயா வந்தார். தும்மல் மேல் தும்மல்.

"பாத்தியாம்மா, ராகுகாலத்துலயும் நல்லது நடக்கும்போல."

பையிலிருந்து பழைய கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்தார். உள்ளே தண்ணீர் போய் நின்றுவிட்டதாம். எட்டு மணியில்.