ஒரு நூல் கோணல்

கடல் தாண்டி இருக்கும் என் சின்னவனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது. நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே இருக்கிறோம், அதற்கு மேல் விசாரிக்காதே.

போனில் சொல்லலாம்தான். வீடு ஒரே அறை. அண்ணன் நாள் முழுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான், நான் முனகினாலும் காதில் விழும். அதனால் தபால் ஆபீஸ் வாசலுக்கு வந்தேன். எழுதித் தருகிறவர் நம் ஆலையில் வருகைப் பதிவு பார்த்தவர். அண்ணன் இரண்டு நிமிஷம் தாமதித்தாலும் சிவப்பு மையில் வட்டம் போட்ட புண்ணியவான். இப்போது மனு எழுதிப் பிழைக்கிறார். இதையும் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறார்.

நீ இருக்கும் இடத்தில் கூலி குறைவென்று ஆலையை மூடி, எட்டு மிஷினைப் பெட்டி கட்டினார்கள். ஒன்பதாவதாக உன்னையும் ஏற்றி அனுப்பினார்கள். ஐந்து மாதமாகிறது. இருபத்திரண்டு வருஷம் ஓட்டிய ஏழாம் மிஷினுக்கு அண்ணனே கிரீஸ் பூசி, பெட்டிக்கு ஆணி அடித்தான். உன்னைக் குறை சொல்லவில்லை. நீ போகாவிட்டால் இன்னொருத்தன் போயிருப்பான்.

அதன் பிறகு அவன் ஏறாத பட்டறை இல்லை. வாட்ச்மேன் வேலை ஒன்று வந்தது. அதற்கும் நம் ஆலை ஆட்களே அறுபது பேர் நின்றார்கள். எதிர்வரிசையில் நாலு வீடு பூட்டிக் கிடக்கிறது. அண்ணி ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறாள். மூத்த பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியாயிற்று. அன்று படுத்தவன்தான் உன் அண்ணன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், ஏழாம் மிஷின் தகட்டைக் கோணலாக வெட்டுகிறது, மாசக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் என் வேலையும் போய்விடும் என்றாய். போனை வைத்ததும் அண்ணன், "நல்லா வெட்டட்டும்" என்று சிரித்தான். ஐந்து மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

இன்று இங்கே வந்து உட்கார்ந்ததும் பதிவுக்காரர் ஒன்று சொன்னார். நேற்று அண்ணன் படுக்கையை விட்டெழுந்து ஆலைக் காப்பீட்டுத் தாளைக் கொண்டுவந்து, ஆள் போய்விட்டால் குடும்பத்துக்கு இது கிடைக்குமா என்று கேட்டானாம். "அது என்னிக்கோ செத்துப்போச்சுப்பா" என்று இவர் பொய் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தப் பொய் எத்தனை நாள் தாங்கும்?

மிஷினுக்கு வருகிறேன். பெருமழை பெய்த வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாம் ஷிஃப்டில் ஏழாம் மிஷின் நின்ற மூலையில் தரை உள்வாங்கியது. தகடு இடப்பக்கமாக வழுக்கும். தரையை எடுத்துக்கட்ட முதலாளிக்கு மனசில்லை. அதனால் தகட்டை நேராக ஓட்டும் சட்டத்தை அண்ணன் வலப்பக்கம் ஒரு நூல் அளவு சாய்த்து முடுக்கினான். நான்தான் விளக்குப் பிடித்தேன். அப்படியே பெட்டியில் வந்திருக்கிறது. அங்கே தரை சமமாக இருக்கிறது, அதனால் வெட்டு கோணல். நீ அண்ணனைக் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இதை மறைத்து, அண்ணனை அங்கே வேலைக்கு அழைத்தால்தான் சொல்வேன் என்று உன்னிடம் பேரம் பேசத்தான் புறப்பட்டு வந்தேன். ஒரு பிள்ளையைக் கரையேற்ற இன்னொரு பிள்ளையைத் தள்ளிவிட எனக்குக் கை வரவில்லை.

பத்து நிமிஷ வேலை, நீயே நிமிர்த்திவிடலாம். உடனே செய்யாதேப்பா. இந்தக் கடிதம் வரவேயில்லை என்று இரு. இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவன் வந்து தொட்டால்தான் சரியாகும் என்று அதிகாரிகளிடம் சொல்லிப்பார். அண்ணனையும் கூப்பிட்டு, "நீ வந்தாத்தான்ணே ஆகும்" என்று ஒரு தடவை சொல். அவர்கள் கூப்பிடாமலே போகட்டும், அந்தச் சொல்லாவது அவன் காதில் விழட்டும். மாசக் கடைசி வரைக்கும் எதுவும் நடக்காவிட்டால் நீயே நிமிர்த்திக்கொள், நான் வருத்தப்படமாட்டேன்.

நீ நன்றாக இருப்பாய். அவன் இருந்தால் போதும்.

கைநாட்டு வைப்பது,
உன் அப்பா