பெயர் எழுதாத வீடு

அன்புள்ள யாகோ அண்ணாவுக்கு,

தங்கை ஒலிங்கா எழுதுவது. ஆற்றில் பனிக்கட்டி போய் மாதம் ஒன்றாகிறது, கொசு வந்துவிட்டது, மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். உன் சுகம்தான் கவலை. கதிர்ச் சிகிச்சை இன்னும் நான்கு வாரம் பாக்கி இருக்க, ஆங்கரேஜ் ஆஸ்பத்திரியில் நீ பெட்டியைக் கட்டிவிட்டாய் என்று அண்ணி சொன்னாள். "வாத்துக் காலத்துல நான் இல்ல. புள்ளைங்க வயித்துல ஈரத்துணியக் கட்டிட்டுக் கெடக்கும். மீன் காலத்துக்காவது வந்துடறேன்" என்றாயாம். பாதியில் விட்டால் கட்டி திரும்ப வளரும் என்று டாக்டர் சொன்னது உன் காதில் ஏறவில்லையா?

அது கிடக்கட்டும், என் கதையைக் கேள். இந்த ஆண்டு பறவைக் கணக்கெடுப்புக்கு என்னைப் போட்டிருக்கிறார்கள். வசந்தத்தில் எந்த வீட்டில் எத்தனை வாத்து, எத்தனை கொக்கு சுட்டார்கள் என்று படம் காட்டிக் கேட்டு எழுத வேண்டும். படிவத்தில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஒரு வீட்டுச் சேதியை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஒலிங்கா வாய்க்குப் பூட்டா என்று ஊரே சிரிக்கிறது.

வேட்டைக்காரர்களிடம் பதில் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. எண்ணிச் சொன்னால் பறவைக்கு மனம் கோணிவிடுமே! வசிலி மாமா, "ஏதோ நாலஞ்சு, பாவம், அதுங்களா வந்து விழுந்துச்சு" என்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் அத்தை இரண்டு கைகளையும் மூன்று முறை விரித்துக் காட்டுகிறாள்.

ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எந்த வீடு என்று கேட்காதே. வேட்டைக்குப் போகும் ஆள் இந்த வசந்தத்தில் ஊரிலேயே இல்லை. அதனால் நானாகவே பூஜ்யம் போடப் போனேன். அடுப்பில் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தவள், "ஏண்டி, கேக்காமலே எழுதுறே? துப்பாக்கி என்ன ஆளப் பாத்தா சுடுது?" என்றாள். வெள்ளைநெற்றி வாத்து பதினாறு, கொக்கு ஒன்று. எல்லாம் ஈரச் சேற்றில் படுத்துக் காத்திருந்து அவளே சுட்டவை. துப்பாக்கி உதைத்துத் தோள் கன்றிப்போய், ஒரு வாரம் தலை வாரக்கூட முடியவில்லையாம்.

அதைவிடப் பெரிது ஒன்று கேள். அவள் வாழ்நாளில் சுட்ட முதல் வாத்தை, வழக்கப்படி, ஒரு இறகுகூடப் பிய்க்காமல் நடமாட்டமில்லாத ஒரு கிழவர் வீட்டில் கொடுத்திருக்கிறாள். அன்று அவள் வீட்டில் வெறும் சோறுதான். "மொதப் பறவைய நாமளே வச்சுத் தின்னா ரெண்டாவது வருமா?" என்றாள். என்ன பெண் அவள்! எனக்கு எழுந்துபோய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது. "எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லிடாதே. துப்பாக்கி தனக்காகத் தொங்குதுன்னு நெனச்சாத்தான் அவரு தெம்பா இருப்பாரு" என்றும் சொன்னாள். நான் யாரிடமும் சொல்லவில்லை, பார்த்தாயா? வீட்டு எண்ணைக்கூட எழுதவில்லை.

அண்ணா, அந்த வீட்டில் யாரும் பட்டினி இல்லை. மீன் வலையையும் அவள் தைத்து வைத்துவிட்டாள். பெட்டியைப் பிரித்துவிடு. நான்கு வாரத்தையும் முடித்துவிட்டு வா.

படிவத்தின் கடைசிக் கேள்வி, வீட்டில் எத்தனை பேர் என்பது. அங்கே அவளும் மூன்று பிள்ளைகளும்தான் இருந்தார்கள். அவள் "அஞ்சு" என்றாள். நானும் ஐந்து என்றே எழுதிவிட்டு வந்திருக்கிறேன். கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். அந்த ஐந்தைப் பொய்யாக்கிவிடாதே.

உன் தங்கை,
ஒலிங்கா