மொட்டைத் தூளில் என் தலை

ஜூன் 9, திங்கள்
விடியலிலிருந்து தூறல். பிரதேச செயலகம் போனேன். "புலமைச் சொத்து பதியணும்" என்றேன், பெரிய மனிதன் மாதிரி. மூளையால் ஆக்கியதன் உரிமைக்கு அதுதான் பெயர் என்று நேற்றுத்தான் பேப்பரில் படித்தது. 'புலமை' அலுவலர்கள் காதில் ஏறவில்லை போல. 'சொத்து' ஏறிவிட்டது. காணிப் பகுதி வரிசையில் நிறுத்தினார்கள். முக்கால் மணி நேரம். முறை வந்ததும் கிளார்க் அம்மா, "காணி உறுதிப் பத்திரம் எங்க? எத்தனை பேர்ச் நிலம்?" பையிலிருந்து, நாங்கள் அரைத்து உறையில் அடைத்து விற்கும் மிளகாய்த்தூள் பக்கெட்டை எடுத்து நீட்டினேன். பின்னாலிருந்து ஒருவர்: "ஐயாட காணியில நல்ல காரம் வெளையுது!" வரிசையே சிரித்தது. நானும்.

விஷயம் இதுதான். கெலிஓயாவில் யாரோ நம் பக்கெட் மாதிரியே போட்டு விற்கிறார்கள். அதே சிவப்பு. 'கண்டிக் காரம்' என்ற அதே பெயர். அதே படம்: நாக்கை நீட்டிக் கண்ணீர் விடும் மொட்டைத் தலை. தலை என்னுடையது. மகள் சுதா எட்டாம் வகுப்பில் என்னைக் கேலி பண்ணி வரைந்தது. கடைகளில் "மொட்டைத் தூள்" என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். அது போனால் எங்கள் பிழைப்பும் போச்சு.

ஜூன் 11, புதன்
நேற்று பொசன் போயா, பௌர்ணமி விடுமுறை, எல்லாம் பூட்டு. இன்று வெயில். கட்டுகஸ்தோட்டை, ரிஸ்வி நானா. நமக்கு லேபல் அச்சடிப்பவர். இப்படிப்பட்ட சண்டை நிறையப் பார்த்தவர். வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது என்று பெருமையடித்தேன்.

"அது கடைக்குப் பேர் வச்ச கடுதாசி, தம்பி. சாமான்ட குறிக்கு வேற பதிவு ஈக்கி. வியாபாரக் குறி. கொழும்புக்கு மனுப் போடோணும்."

"'கண்டிக் காரம்' நம்ம பேருதானே, நானா?"

"கண்டி ஒங்கட வாப்பாடயா? காரம் ஒங்கட உம்மாடயா? அந்தப் பேர மட்டும் வச்சி ஆரையும் மறிக்க ஏலா. படந்தான் பலம்."

"படத்த எங்க பதியணும்?"

"படத்துக்குப் பதிவே தேவில்ல. வரஞ்ச நேரமே வரஞ்ச ஆளுக்குச் சொந்தம். ஆரு வரஞ்ச?"

கொஞ்சம் இழுத்து, "மக" என்றேன்.

"அப்ப புள்ளேட்ட எழுதி வாங்குங்க. வாயால சொன்னா பத்தாது."

என் தலை, என் மகள், நான் வாங்கிய பென்சில். ஒன்றும் செல்லாதாம். அதிசயமான சட்டம். வத்தேகம பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் இதே யோசனை.

நானாவிடம் கேட்க வேண்டியவை:
– சிவப்பு நிறத்துக்கு உரிமை உண்டா?
– வேறு யாராவது என் தலையைப் பார்த்துப் புதிதாக வரைந்தால்?
– பக்கத்து வீட்டு நாயை நான் வரைந்தால் படம் யாருக்கு? (வேண்டாம், ஏசுவார்.)

ஜூன் 14, சனி
அடை மழை. சுதா பேராதனையிலிருந்து வந்தாள். அங்கே பெயர்ப்பலகை டிசைன் பண்ணும் வேலை. ரிஸ்வி நானா சொல்லச் சொல்ல எழுதிய கடிதத்தை நீட்டினேன். படம் முழுக்க அப்பாவுக்கே சொந்தம் என்று.

"கையெழுத்து போடும்மா."

இரண்டு தடவை வாசித்தாள். "என் ஸ்கூல் கொப்பியில இருந்து கிழிச்சு எடுத்தீங்க. அப்ப என்னைக் கேட்டீங்களாப்பா?"

"வீட்டுக்குள்ள என்னத்தக் கேக்கிறது?"

"கெலிஓயாக்காரரும் அப்படித்தான் நெனச்சிருப்பாரு. ஊருக்குள்ள என்னத்தக் கேக்கிறதுன்னு."

மனைவி குசினியிலிருந்து சிரித்தாள். எந்தக் கட்சி என்று தெரிந்துவிட்டது. சு. கையெழுத்துப் போடவில்லை. கடிதத்தோடு எழுந்து போய்விட்டாள். அவள் போடாவிட்டால் கெலிஓயாக்காரரிடம் எந்த வாயோடு பேசுவேன்?

ஜூன் 15, ஞாயிறு
மழை விட்டது. மேசையில் வேறு கடிதம், சு. டைப் பண்ணியது. பக்கத்தில் நின்று சொன்னாள்:

"படத்த எழுதித் தரலப்பா. பாவிக்க மட்டும் விடுறேன். குறியை நீங்க பதிஞ்சுக்கலாம். கெலிஓயாக்காரருக்கு எழுதுற கடிதத்துல நானும் கையெழுத்து போடுறேன். ஆனா படம் என்னோடது. பக்கெட்டில 'படம்: சுதா'ன்னு போடணும்."

"எழுத்து சின்னதாவா?"

"வாசிக்கிற மாதிரி."

இருவரும் கையெழுத்துப் போட்டோம். பேனையை மூடிக்கொண்டே கேட்டாள்: "இத்தனை வருஷத்துல யார் வரைஞ்சதுன்னு ஒருத்தருமா கேக்கல?"

"கேட்டாங்க" என்றேன்.

நான்தான் வரைந்தேன் என்று வத்தேகமயிலிருந்து கட்டுகஸ்தோட்டை வரை கடை கடையாகச் சொல்லி வைத்திருப்பதை மட்டும் சொல்லவில்லை.